ஊசி போடுமுன் ஒரு கேள்வி

மருந்தும் மரபணுவும் பற்றி அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டார வாசகர்கள் கேட்டவையும் நம் பதில்களும்.

வாசகி, திருமுல்லைவாயல்: மாமனாருக்கு ஹெர்னியா ஆபரேஷன். முந்தின நாள் மயக்க மருந்து டாக்டர் வந்து சர்க்கரை, பிரஷர் எல்லாம் கேட்டார். சரி. "நீங்க ஆரிய வைசியரா?" என்றும் கேட்டார். ஆபரேஷனுக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம்?

சாதிப் பெயருக்குப் பின்னால் அவர் தேடியது ஒரு நொதியை.

முழு மயக்கம் கொடுக்கும்போது மூச்சுக்குழாயில் டியூப் இறக்க வேண்டும். அதற்குத் தசைகள் தளர வேண்டும். அவசரத்துக்குக் கைகொடுக்கும் மருந்து சக்சினைல்கோலின். தியேட்டரில் 'ஸ்கோலின்' என்பார்கள். ஊசி ஏறிய அரை நிமிடம், ஒரு நிமிடத்துக்குள் இமை, முகம், தோள், வயிறு என்று தோலுக்கடியில் சின்னச் சின்னத் துடிப்பு ஓடும். கால் விரல் வரை போய் அடங்கும். பிறகு உடம்பு துவண்டுவிடும். மூச்சு விடும் தசைகளும் சேர்ந்தே ஓயும். அந்த நேரம் முழுக்க டாக்டர்தான் மூச்சு கொடுக்கிறார். ஐந்து, பத்து நிமிடத்தில் மூச்சு தானாகத் திரும்பிவிடும். ரத்தத்தில் ஓடும் பியூட்டிரில்கோலின்எஸ்டரேஸ் என்ற நொதி மருந்தை வெட்டிப் போட்டுவிடுவதுதான் காரணம்.

அந்த நொதி வேலை செய்யாதவருக்கு மருந்து அப்படியே நிற்கும். பத்து நிமிடம் மணிக்கணக்காக நீளும்.

கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் ரத்னம் பூபதி குழுவினரும், அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் இருக்கும் ஒக்ஸானா லாக்ரிட்ஜும் சேர்ந்து 2006இல் இதை எழுதினார்கள். ஆரிய வைசியரில் 24 பேருக்கு ஒருவரிடம் இந்த நொதி வேலையே செய்வதில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அப்படிப்பட்டவர் லட்சத்தில் ஒருவர். கோளாறு இருக்கும் இடத்தையும் கண்டுபிடித்தார்கள்: நொதிச் சங்கிலியில் 307ஆம் கண்ணியில் லூசின் உட்கார வேண்டிய இடத்தில் புரோலின் உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த டாக்டருக்கு நன்றி சொல்லுங்கள். காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் இன்னும் நல்ல டாக்டர்.

வாசகர், கொரட்டூர்: 24இல் 23 பேருக்கு ஒன்றும் இல்லையே. எதற்கு இந்தக் கெடுபிடி?

அந்த ஒருவர் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதற்காக. அவர் நன்றாகச் சாப்பிடுவார், ஓடுவார், பிள்ளை பெறுவார், பேரன் பேத்தி எடுப்பார். கோவைக் குழு இவர்களின் உடல்நிலையைத் தனியாக ஆராய்ந்தது. நொதி இல்லாததால் வந்த நோய் என்று எதுவும் தென்படவில்லை. அந்த ஒரு ஊசியைப் போடும் வரை அவருக்கே தெரியாது.

கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். மரபணு ஒவ்வொன்றும் நம்மிடம் இரண்டு பிரதி இருக்கும்: தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. 24இல் ஒருவருக்கு இரண்டு பிரதியும் பழுது என்றால், ஏறக்குறைய மூவரில் ஒருவரிடம் ஒரு பிரதி பழுதாக இருக்க வேண்டும். அவர்களுக்குப் பெரிய சிக்கல் இல்லை. இரண்டு பேரும் அப்படியான தம்பதிக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நொதி இல்லாமல் போக நாலில் ஒரு வாய்ப்பு. எனவே வீட்டில் ஒருவருக்கு உறுதியானால் கூடப் பிறந்தவர்களுக்கும் அன்றைக்கே ரத்தம் எடுத்துவிடுங்கள்.

கல்லூரி மாணவி, பட்டாபிராம்: குறிப்பிட்ட ஒரு சமூகத்தில் மட்டும் ஏன் இவ்வளவு?

வெகுகாலத்துக்கு முன் சிறு கூட்டம் ஒன்று பிரிந்து பெருகியது. வெளியே பெண் கொடுக்கவுமில்லை, எடுக்கவுமில்லை. அந்தச் சிறு கூட்டத்தில் யாரோ ஒருவரிடம் இருந்த மரபணுப் பிழை பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் வரை கை மாறியது. விஷயம் இவ்வளவுதான்.

ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் தங்கராஜ், லால்ஜி சிங் இருவரும் ஹார்வர்டின் டேவிட் ரீச் குழுவும் 2009இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இந்தியச் சமூகங்கள் பலவற்றில் இந்தத் தடத்தைப் பார்த்தது. வைசியரின் தடம் மிகப் பழையது: இரண்டாயிரம், மூவாயிரம் ஆண்டு. இடையில் தலைமுறைக்கு நூற்றுக்கு ஒருவர் வெளியிலிருந்து கலந்திருந்தால்கூட அந்தத் தடம் அழிந்திருக்கும் என்று ரீச் எழுதுகிறார். அழியவில்லை. நம் நாட்டில் அகமணம் எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். எனக்கு அது பெருமையாகப் படவில்லை.

அந்தச் சமூகத்தின் மரபுக்கதையிலும் இப்படிச் சிறு கூட்டமாகச் சுருங்கிய ஒரு கட்டம் இருக்கிறது. அவர்களின் குலதெய்வமான கன்னிகா பரமேஸ்வரி, அதாவது வாசவி, பெனுகொண்டாவில் தீப்பாய்ந்தபோது உடன் நின்றது 102 கோத்திரத்தார் என்றும், இன்றைய ஆரிய வைசியர் அந்த 102 வழியினர் என்றும் சொல்வார்கள். கொத்தவால் சாவடி கன்னிகா பரமேஸ்வரி கோயிலில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். மரபணு காட்டும் காலமோ அந்தக் கதைக்கு வெகு முந்தியது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

வாசகர், திருநின்றவூர்: எங்கள் குடும்பத்தில் சொந்தத்தில் கட்டுவதே இல்லை. நாங்கள் தப்பித்தோம்தானே?

பாதி. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 திருமணங்கள் சொந்தத்துக்குள் நடக்கின்றன. அதற்குத் தனி ஆபத்து உண்டு. ஆனால் அத்தை மகனை விட்டுவிட்டு அதே சாதியில் முன்பின் தெரியாதவரைக் கட்டினாலும், இருபது தலைமுறைக்கு முன் இருவருக்கும் ஒரே பாட்டனாக இருக்கலாம். 2017இல் நேச்சர் ஜெனடிக்ஸில் வந்த ஆய்வு தெற்காசியாவில் 263 குழுக்களைப் பார்த்தது. அவற்றில் 81 குழுக்களில், சிறு கூட்டமாகத் தொடங்கிய இந்தச் சுருக்கம், உலகம் முழுக்க உதாரணம் காட்டும் பின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விடக் கடுமை. எந்தச் சாதிக்காரரும் அடுத்த சாதியைக் காட்டி "அவங்க ரத்தம் அப்படி" என்று சொல்லும் நிலையில் இல்லை.

தாயார், மாங்காடு: பையனுக்கு இந்த நொதி இல்லை என்று ரிசல்ட் வந்துவிட்டது. பெண் வீட்டார் தயங்குகிறார்கள். மறைத்திருக்க வேண்டுமோ?

கூடாது, கூடவே கூடாது. வருகிற மருமகளுக்குத்தான் இது முதலில் தெரிய வேண்டும். நாளைக்கு அவசர வார்டில் அவனுக்காகப் பேசப்போகிறவள் அவள். பையனுக்கு நோய் இல்லை. ஒரு மருந்து மட்டும் ஆகாது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாத மாப்பிள்ளையை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. இந்தப் பக்கத்தை அவர்கள் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்.

வாசகர், அயப்பாக்கம்: சாதி மறுத்துக் கல்யாணம் செய்துகொண்டால் இது போய்விடுமா?

நொதி இல்லாதவரும் பழுதில்லாதவரும் மணந்தால் குழந்தைக்கு ஒரு பிரதி நன்றாக இருக்கும்; ஸ்கோலின் ஏறக்குறைய வழக்கம்போல இறங்கும். ஆனால் சாதி மறுப்புக்கு இதைவிட நல்ல காரணங்கள் இருக்கின்றன. அவற்றுக்காகச் செய்யுங்கள்.

ஆசிரியை, பருத்திப்பட்டு: ஐரோப்பாவின் ரோமா மக்கள் இந்தியாவிலிருந்து போனவர்கள் என்கிறார்கள். எங்கள் பள்ளிக்கு வரும் ஆவடி நரிக்குறவர் பிள்ளைகளும் அவர்களும் ஒரே இனம்தானா?

ரோமாக்களின் முன்னோர் ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முன் வடமேற்கு இந்தியாவிலிருந்து கிளம்பியவர்கள் என்பதில் மொழியும் மரபணுவும் ஒத்துப்போகின்றன. அவர்கள் பேசும் ரோமானியும், நரிக்குறவர் வீட்டில் பேசும் வாக்ரிபோலியும் வட இந்திய மொழிக் குடும்பம். இரு தரப்பும் ஊர் ஊராகச் சென்று பிழைத்தவர்கள், இரு தரப்பும் ஊராரின் சந்தேகப் பார்வையில் வாழ்ந்தவர்கள். இதை வைத்து ஒரே இனம் என்று சொல்லிவிட முடியாது. மொழி உறவைக் கொண்டு மருந்துச்சீட்டு எழுதவும் முடியாது.

ரோமாக்களிடம் மருத்துவர் கவனிக்கும் சில உண்டு. 1267டெல்ஜி என்ற பிழை அவற்றில் ஒன்று. நரம்பு தசையோடு பேசும் இடத்தில் இருக்கும் ஏற்பியை அது பாதிக்கும்; குழந்தைக்கு இமை தொங்கும், தசை சீக்கிரம் சோர்ந்துவிடும். ஸ்கோலின் போய் ஒட்டுவதும் அதே ஏற்பியில்தான். இந்தப் பிழை இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் சில குடும்பங்களில் கிடைத்தது. பயணம் கிளம்பும் முன்பே மூட்டையில் இருந்தது என்று அதிலிருந்து புரிந்தது. ஹங்கேரியின் பேச் நகரில் பேலா மெலேக் குழு, ரத்தம் உறையாமல் வைக்கும் வார்ஃபரினைக் கையாளும் மரபணுக்களை ரோமாக்களிடமும் ஹங்கேரியரிடமும் ஒப்பிட்டது. ஒரே ஊர், ஒரே மருந்துக்கடை. மரபணு விகிதம் வேறு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரோமாக்களின் ரத்தத்தை முறையான ஒப்புதல் இல்லாமல் எடுத்ததையும், போலீஸ் தரவுத்தளங்களில் அவர்களின் டிஎன்ஏ அளவுக்கு மீறிக் குவிந்திருப்பதையும் 2021இல் ஃபிரைபர்க்கின் வெரோனிகா லிப்ஹார்ட் முதலானோர் நேச்சர் இதழில் கண்டித்தார்கள். நரிக்குறவர் பழங்குடிப் பட்டியலில் இடம்பெறும் மசோதாவை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில்தான் நிறைவேற்றியது. பல பத்தாண்டுக் காத்திருப்பு அது. நாளைக்கு யாராவது ஊசியும் குழாயுமாக நரிக்குறவர் குடியிருப்புக்குப் போனால், எதற்கு, யாருக்குப் பயன், முடிவை எங்களுக்குச் சொல்வீர்களா என்று முதலில் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. டீச்சர், அந்தப் பிள்ளைகளுக்கு இந்த மூன்று கேள்வியைச் சொல்லிக் கொடுங்கள்.

ஓய்வுபெற்ற எச்.வி.எஃப். ஊழியர், ஆவடி: காசநோய் மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததும் பாதத்தில் எரிச்சல், மதமதப்பு. கூடச் சாப்பிடுகிறவருக்கு ஒன்றும் இல்லை. எனக்கு மட்டும் ஏன்?

சேத்துப்பட்டுக்காரர்கள் இதற்கு அறுபது ஆண்டுக்கு முன்பே விடை தேடினார்கள்.

1956இல் மதராஸின் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நடந்த முதல் ஆய்வு, வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்துக்கு இணையாகக் குணமாகும் என்று 1959இல் உலகத்துக்குக் காட்டியது. பலரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். நான் கொண்டாட நினைப்பது அடுத்த வேலையை. ஐசோனியசிட் மருந்தைக் கல்லீரல் வேகமாகக் கழிப்பவர், மெதுவாகக் கழிப்பவர் என்று நோயாளிகளை அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். நம்மூரில் பாதிக்கு மேல் மெதுவானவர்கள். வாரம் ஒருமுறை மட்டும் மருந்து கொடுத்த ஆய்வில் மெதுவானவர்கள் நன்றாகத் தேறினார்கள், வேகமானவர்கள் பின்தங்கினார்கள். மருந்து அதிக நேரம் தங்கியதால் வந்த லாபம். அதே தங்கலுக்கு ஒரு விலையும் உண்டு: நரம்பு பாதித்து, காலில் உங்களுக்கு வந்திருக்கும் எரிச்சல். அதைத் தடுக்க தினம் வெறும் 6 மில்லிகிராம் பி6 வைட்டமின் போதும் என்று கண்டதும் இதே மையம்தான்.

மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த வாரமே டாக்டரிடம் பாத எரிச்சலைச் சொல்லி, பி6 சீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். சர்க்கரை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

வாசகர், அம்பத்தூர் தொழிற்பேட்டை: ஸ்டென்ட் வைத்தார்கள். குளோபிடோகிரல் சிலருக்கு வேலை செய்யாது என்று நண்பர் பயமுறுத்துகிறார்.

நண்பர் சொன்னதில் உண்மை உண்டு. அந்த மாத்திரை வயிற்றுக்குள் போகும்போது மருந்தே அல்ல. கல்லீரலில் சிஒய்பி2சி19 என்ற நொதி மாற்றிய பிறகுதான் மருந்து. ஜிப்மரில் ஆதித்தன் குழு 2003இல் தமிழரிடம் பார்த்தபோது, இந்த மரபணுவின் பழுதான பிரதி நூற்றுக்கு ஏறக்குறைய 38. இரண்டு பிரதியும் பழுதானவர் இங்கே ஏழெட்டுப் பேரில் ஒருவர் என்ற கணக்கு. ஐரோப்பியரில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பேர். 2010இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டது.

மாற்று இல்லாமல் இல்லை. பிரசுக்ரெல், டிகாக்ரிலோர் இந்த நொதியை நம்பியிருக்கவில்லை. எது உங்களுக்கு என்பதை இதய டாக்டர்தான் சொல்ல வேண்டும். பயந்துபோய் மாத்திரையை ஒரு நாள் விட்டாலும் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். வாயுத் தொல்லைக்குக் கடையில் நீங்களாக ஓமெப்ரசோல் வாங்கிப் போடுகிற ஆளானால் அதை முதலில் நிறுத்துங்கள். அது அந்த நொதியின் கையைக் கட்டிப்போடும். நொதி நன்றாக இருப்பவரையும் மந்தமாக்கிவிடும்.

நர்ஸ், ஆவடி: பூச்சிமருந்து குடித்ததாக வருகிறவர்களுக்குக் கோலின்எஸ்டரேஸ் பார்ப்போம். நீங்கள் சொல்லும் நொதியும் அதுதானே?

அதேதான். உங்கள் கேள்வியில் ஒரு உயிர் இருக்கிறது.

ஆர்கனோபாஸ்பரஸ் விஷம் இந்த நொதியை முடக்கும். எண் கீழே இறங்கும். பிறவியிலேயே நொதி இல்லாதவர் வேறு ஏதோ காரணத்தால் மயங்கி விழுந்து வந்தாலும் லேப் ரிப்போர்ட்டில் எண் பாதாளத்தில்தான் இருக்கும். அதை மட்டும் பார்த்தால் விஷம் என்று அட்ரோபின் ஏற்றத் தோன்றும். கண்பாப்பாவைப் பாருங்கள்: ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கிறதா? எச்சில் வடிகிறதா, வியர்வை கொட்டுகிறதா, நாடி இறங்கியிருக்கிறதா? அறிகுறி ஒன்றும் இல்லாமல் எண் மட்டும் பூஜ்யத்தை ஒட்டி, நாள் கணக்கில் ஏறாமலே நின்றால் சந்தேகப்படுங்கள். சிவப்பணுவில் இருக்கும் அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ் வேறு மரபணுவின் பிள்ளை. அது சரியாக இருந்தால் விஷத்தைவிடப் பிறவிக் குறைக்கே வாய்ப்பு அதிகம். ஈரல் கெட்டவருக்கும் கர்ப்பிணிக்கும் எண் ஓரளவு குறையும் என்பது உங்களுக்கே தெரியும்.

அப்படி ஒருவரைக் கண்டால் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதாமல் அனுப்பாதீர்கள்.

வாசகர், குமணன்சாவடி: மலேரியா மாத்திரை பதினாலு நாள் கொடுத்தார்கள். அதற்கும் இப்படி ஏதாவது உண்டா?

உண்டு. ஈரலில் பதுங்கும் வைவாக்ஸ் கிருமியைத் தீர்க்க பிரைமாக்வின் கொடுப்பார்கள். ஜி6பிடி நொதி குறைந்தவருக்கு அது சிவப்பணுவை உடைக்கும். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளானாலோ அடுத்த மாத்திரைக்கு முன் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஆண் பிள்ளைகளுக்கு அதிகம். அலமாரியில் போடும் பாச்சை உருண்டையும் இவர்களுக்கு ஆகாது. பிறந்த குழந்தையின் துணிக்குள் அதைப் போட்டு வைக்கும் பழக்கத்தை விடுங்கள்.

வாசகர், பூந்தமல்லி: ஆன்லைனில் எச்சிலை அனுப்பினால் எந்த மருந்து ஆகும், ஆகாது என்று பட்டியல் தருகிறார்களாமே?

தருகிறார்கள். ஆனால் அந்தப் பரிசோதனைத் தொகுப்புகளில் நிறைய, வெள்ளையரிடம் அடிக்கடி காணும் பிழைகளைத் தேடுபவை. 307ஆம் இடத்துப் பிழை அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் இந்தியரின் மரபணுவைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளருக்குத் திறந்திருக்கிறது. நம் உடம்புக்கு ஏற்ற பரிசோதனைத் தொகுப்பு அதிலிருந்து வரட்டும். அதுவரை ஸ்கோலினுக்கு சாதாரண ரத்தப் பரிசோதனையே போதும். நொதி இருக்கிறதா என்று அது நேராகச் சொல்லிவிடும்.

வழக்கறிஞர், அம்பத்தூர்: ஆஸ்பத்திரியில் சாதி கேட்பதை நீங்கள் ஆதரிக்கிறீர்களா? நேராகச் சொல்லுங்கள்.

முதல் கேள்வியாக இருந்தால் எதிர்க்கிறேன். "உங்களுக்கோ ரத்த சொந்தத்தில் யாருக்கோ ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சு திரும்ப நேரமானதா, வென்டிலேட்டரில் வைத்தார்களா?" முதல் கேள்வி இதுதான். எல்லோருக்கும், அச்சடித்த படிவத்தில், தமிழிலும் தெலுங்கிலும். சாதிப் பெயர் ஒரு துப்பு, அதற்கு மேல் இல்லை. கலப்பு மணத்தில் பிறந்தவர், தத்துப்பிள்ளை, பெயரில் சாதியைத் துறந்தவர், வேறு சமூகத்தில் அபூர்வமாக இதோடு பிறந்தவர் எல்லோரும் அந்தத் துப்பில் நழுவிவிடுவார்கள். திட்டமிட்ட ஆபரேஷனுக்கு முன் சந்தேகம் இருந்தால் நொதியை அளந்துவிட வேண்டும்; அதற்கு நேரம் இருக்கிறது. துப்பாகக் கேட்டே ஆகவேண்டும் என்றால் காரணத்தை முதலில் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். நம் ஊரில் அந்தக் கேள்வி எத்தனை பேரை வாசலோடு நிறுத்தியிருக்கிறது என்று தெரிந்தவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

வாசகி, காட்டுப்பாக்கம்: தெரியாமல் ஊசி போட்டுவிட்டால் உயிர் போய்விடுமா? அக்கா வீட்டில் ஒருவருக்கு நொதி இல்லை; என்ன செய்து வைக்கட்டும்?

நல்ல தியேட்டரில் போகாது. மூச்சு திரும்பவில்லை என்று கவனித்த உடனே வென்டிலேட்டரில் வைத்து, மருந்து தானாக இறங்கும் வரை சில மணி நேரம் காத்திருப்பார்கள். அந்த நேரமெல்லாம் தூக்க மருந்தும் ஓட வேண்டும். இல்லாவிட்டால் விழிப்பு வந்த நோயாளி விரலைக்கூட அசைக்க முடியாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருப்பார். இதில் அலட்சியம் கூடாது. மனநலப் பிரிவில் மின்சிகிச்சைக்கும் இதே ஊசியைப் பயன்படுத்துவதால் அங்கேயும் சொல்லி வையுங்கள். ஸ்கோலினுக்குப் பதில் ரோகுரோனியம் போடலாம். அதை முறிக்க சுகமாடெக்ஸ் இருக்கிறது.

அக்கா வீட்டில் செய்ய வேண்டியது சின்ன வேலை. ஆதார் அளவு அட்டை ஒன்றில் இப்படி எழுதி லேமினேட் செய்து பர்ஸில் வையுங்கள்: "பியூட்டிரில்கோலின்எஸ்டரேஸ் இல்லை. சக்சினைல்கோலின், மிவாகுரியம் தரக்கூடாது." அடியில் பரிசோதனை எண், தேதி, ரத்த வகை. தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம். போனில் அதைப் படமெடுத்து, கூடப் போகக்கூடிய எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். பைபாஸில் அடிபட்டால் 108இல் ஏறும் நேரத்தில் பர்ஸ் யார் கையில் இருக்கும் என்று சொல்ல முடியாது.